மேற்படி

காலையில் தீவில் காகிதம்.
மதியப் படகேறிக் கரைக்கு வந்தால் மண்.
நகக்கண்ணைத் தேய்த்துக் கழுவிவிட்டு
மறுநாள் மறுபடி காகிதம்.

நிபோங் திபாலில், செம்பனைக்கு அடியில்,
ஒரு கரும்பாலை படுத்திருக்கிறது.
மிச்சம் புகைபோக்கியின் அடிக்கட்டு மட்டும்,
பிடுங்க வராத கடைவாய்ப்பல்.
சாலை அகலமாகப் போகிறதாம். எங்களுக்குப்
பதினெட்டு நாள் தந்திருக்கிறார்கள்,
மழை நாளையும் சேர்த்து.

மூன்றாம் குழியில், முழங்கை ஆழத்தில்,
ரொஸ்னாவின் கரண்டி ணங்கென்றது.
தகர வில்லை. ஓரத்தில் ஓட்டை, கயிறு கோக்க.
துலக்கத் துலக்க எழுந்தது எண்:
நூற்றுப் பதினேழு.
சியாப்பா இது, என்றாள் அவள்.
நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்,
விலாசம் தெரிந்தவள் மாதிரி.

தோட்டத்துப் பேரேடு தீவில் இருக்கிறது,
குளிரூட்டிய மாடி அறையில், பஞ்சுத் தலையணைமேல்.
எண். பெயர். கப்பல். ஊர். நோய்.
கணக்கருக்கு அழகான கை.
முதல் வரியில் நாகப்பட்டினத்தை
முழுசாக, வால் சுழித்து எழுதியவர்
அடுத்த வரியிலிருந்து இரண்டே கீறல் போடுகிறார்.
மேற்படி.
மேற்படி.
நாற்பது பேருக்கு ஒரே ஊர்.
காய்ச்சல் என்று ஒருவனுக்கு எழுதினார்;
பக்கம் முடியும்வரை
கீறல் கீறலாகச் செத்திருக்கிறார்கள்.

நூற்றுப் பதினேழு கிடைத்தது.
'சென்கென்னி' என்கிறது ஆங்கிலம்.
செங்கேணியாக இருக்கலாம்,
செங்கண்ணியாகவும் இருக்கலாம்.
தமிழ் கேட்காத காது அது.
அறையில் சத்தம் கூடாது;
மேசைக்கடியில் காலை உதைத்துக்கொண்டேன்.

பக்கத்தைத் திருப்பாமல் இருந்திருக்கலாம்.

அடுத்த தாளில் இன்னொரு நூற்றுப் பதினேழு: அங்கப்பன்.
பதினோரு தாள் தள்ளி இன்னொன்று:
'ஒரு பெண்', அவ்வளவுதான்.
எண் சாகவில்லை, கழுத்துதான் மாறியிருக்கிறது.
தகரம் வீணாகக் கூடாதே என்று
யாரோ சிக்கனம் பார்த்திருக்கிறார்.

வில்லையை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.
ஓட்டையின் ஒருபக்கம் மட்டும் தேய்ந்து
கண்ணீர்த் துளி வடிவில்... இல்லை,
அப்படி எழுதக் கூடாது.
கயிறு அறுத்த தேய்வு. அரை மில்லிமீட்டர்.
அதில் யார் குனிந்தது எவ்வளவு,
யார் ஓடியது எவ்வளவு,
பிரித்துச் சொல்ல ஆய்வகம் எதுவும் இல்லை.

பதினெட்டாம் நாள். குழியில் இடுப்பளவு தண்ணீர்.
மண்வாரி ஓட்டுநர் இயந்திரத்தை அணைக்காமல்
சிகரெட் பிடிக்கிறார்.
கூடாரத்துக்குள் படிவம் நிரப்புகிறேன்.
பொருள்: வில்லை.
உடையவர் கட்டத்தில் மூவருக்கு இடமில்லை.
எழுத்தைக் குறுக்கி விளிம்போரமாய் ஏற்றினேன்,
'ஒரு பெண்' உட்பட.
அடுத்தது வளையல் துண்டு. உடையவர்: தெரியவில்லை.
இடம்: மூன்றாம் குழி, வடமேற்கு மூலை.
அடுத்தது புகைக்குழாய்க் காம்பு.
அடுத்தது பீங்கான் சில்லு.
அடுத்தது.

இருபத்தாறாம் படிவத்தில்
ரொஸ்னா தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறாள்.
இது என்ன, என்கிறாள்,
இந்த இரண்டு கீறல்?