வெளிப் பை

கால் மரத்துப்போனதற்குக்
குளிரைத்தான் ஏசிக்கொண்டிருந்தேன்.
யாகுத்ஸ்க் சந்தையில், மைனஸ் நாற்பத்தெட்டில்
யாருக்குத்தான் மரக்காது?
பக்கத்துக் கடை அக்குலீனா
பலகையை உதைத்துக்கொண்டே இருப்பாள்.
முயல் விற்கும் புரோகோப்பி நின்ற இடத்தில் ஆடுவான்.
வீட்டில் அடுப்பருகே நீட்டினால்
அவர்களுக்குக் கால் திரும்பிவிடும்.
எனக்குத் திரும்பவில்லை.
அசட்டையாக இருந்தேன்.
பிறகு ஜூலை வந்தது,
கொசுவும் முப்பது டிகிரி வெயிலுமாக.
அப்போதும் மரத்தே இருந்தது.

பதினோரு வருட மாத்திரை.
ஒன்று, பிறகு இரண்டிரண்டு,
பிறகு வேறு நிறத்தில் இன்னொன்று.
"கணையம் களைத்துவிட்டது" என்றாள் நர்ஸ் மத்ரியோனா,
ஏதோ குதிரையைச் சொல்வதுபோல.

நெல்மா, ஓமுல் என்று
வாழ்நாளெல்லாம் மீன் வயிற்றில் கைவிட்டவள் நான்.
ஈரல் தெரியும்.
பித்தப்பை தெரியும், கிழிந்தால் காசு போச்சு.
கணையத்தைப் பார்த்ததே இல்லை.
மீனுக்கு அது கொழுப்போடு கொழுப்பாகச்
சிதறிக் கிடக்குமாம்.
அப்படியென்றால் எத்தனை முறை
பூனைக்கு எறிந்திருப்பேன்.

ஊசி என்றால் எங்கள் தெருவில் ஓர் அர்த்தம் உண்டு.
ஸ்தெபான் ஊசி போட்டான், கால் போயிற்று,
பிறகு அவனும்.
அந்த வரிசையில்தான் எல்லாரும் சொல்வார்கள்.
ஊசிதான் பத்து வருடம் பிந்தி வந்தது என்று
ஒருவரும் சொன்னதில்லை.

முதல் இன்சுலின் பேனாவை
கைப்பையின் வெளிப் பையில் வைத்தேன்.
எந்தப் பை என்று தெரிந்தே வைத்தேன்.
கைபேசியை அதில் வைக்கமாட்டேன்,
நாலு நிமிடத்தில் செத்துவிடும்.
பேருந்துக்கு நாற்பது நிமிடம்,
எதிரில் நிற்பவர் முகம் தெரியாத மூடுபனி.
வீட்டில் எடுத்துப் பார்த்தால்
கண்ணாடிக்குள் வெள்ளையாய், கோணலாய்
ஒரு பனிக்கட்டி.
நிம்மதியாக இருந்தது.
அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் பயந்தேன்.
ஆனாலும் ஜாம் போட்டு ஒரு டீ குடித்தேன்.

"உறைந்துவிட்டது" என்றேன்.
மத்ரியோனா பேனாவைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
என் கோட்டின் உள்பைகளை ஒவ்வொன்றாய் எண்ணினாள்.
"சர்கிலானா, முப்பது வருடமாய்
உறைந்ததை விற்றுப் பிழைக்கிறாய்.
எது உறையும் என்று உனக்கு நான் சொல்லவா?"
இன்னொன்று தந்தாள்.
சீட்டில் கையெழுத்தை அழுத்திப் போட்டதில்
காகிதம் கிழிந்தது.

கம்பளிக்கு உள்ளே சட்டை, அதற்கு உள்ளே பனியன்,
அதற்கும் உள்ளே, மார்புக்கும் விலாவுக்கும் நடுவே
இரண்டாவது பேனா.
யாராவது இடித்துவிடுவார்களோ என்று
பேருந்தில் இடம் இருந்தும் ஓரமாக நின்றே வந்தேன்.

இரவு. பத்து அலகு.
திருகத் திருக டிக், டிக்,
அடுத்த அறையில் யெகோர்
ஹாக்கி பார்ப்பதாக நடிக்கும் சத்தம்.
வயிற்றைக் கிள்ளிப் பிடித்தேன்.
எத்தனை வயிறு கிழித்த கை,
இதற்குப் போய் இப்படியா நடுங்கும்!

குத்தியது தெரியவே இல்லை.
கொஞ்சம் வலித்திருக்கலாம்.
பதினோரு வருடத்துக்கு
அது ஒரு நியாயமாக இருந்திருக்கும்.
ஊசியை எடுக்காமல் பத்து எண்ணச் சொல்லியிருந்தாள்.
ஏழில் யெகோர் "கோல்!" என்று கத்தினான்,
எண்ணிக்கை விட்டுப்போய்
முதலிலிருந்து எண்ணினேன்.

மூன்று வாரம் ஆகிறது.
தலை சுற்றினால் போட்டுக்கொள்ள
கையுறைக்குள் ஒரு சர்க்கரைக் கட்டி.
இத்தனை நாள் ஒளித்துத் தின்றது,
இப்போது மருந்து.
இரவில் இடது சுண்டுவிரல் எரிகிறது.
நல்லதா கெட்டதா என்று கேட்டேன்.
"பொறு" என்றாள் மத்ரியோனா, அவ்வளவுதான்.

விறகுபோல நிமிர்ந்து நிற்கும் மீன்களுக்குப் பின்னால்
இன்று நானும் பலகையை உதைத்துக்கொண்டிருந்தேன்.
அக்குலீனா திரும்பிப் பார்த்து,
"என்னடி, குளிருதா?" என்றாள்.
தெரியவில்லை என்றேன்.
உதைப்பதை நிறுத்தவில்லை.