இன்னும் நலமா

மடகாஸ்கரின் வடமுனையில்
காற்றுக்குப் பெயர் இருக்கிறது: வரட்ராஸா.
சித்திரையில் கிளம்பினால் கார்த்திகை வரை ஓயாது.
பயணச்சீட்டு வாங்கிய இரவு
அந்தப் பெயரைப் பத்து முறை சொல்லிப் பார்த்தேன்,
பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி.

மூன்று விமானம். ஒரு மஞ்சள் ரெனோ வாடகைக் கார்,
வெளியே கைவிட்டுத்தான் அதன் கதவைத் திறக்க வேண்டும்.
அப்புறம் படகு.
அங்காஸுவில் பதினோரு குடில்கள்,
உடம்பு சரியில்லாத ஒரு ஜெனரேட்டர்.
தென்னைகளெல்லாம் ஒரே பக்கம் தலைசாய்த்து
எதையோ ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தன.
சேவல் காற்றைப் பார்த்தே நின்றது;
திரும்பினால் வால் தலைக்கு வந்துவிடும்.

மூன்றாம் நாள்
செல்பேசி இருபத்தாறு நாட் என்றது.
ஜாவு ஒரு பிடி மணலை அள்ளி விட்டுப் பார்த்தான்.
பன்னிரண்டு மீட்டர் பட்டம் வேண்டாம்,
எட்டை எடு என்று விரல்களால் காட்டினான்.
பன்னிரண்டைத்தான் எடுத்தேன்.
அதற்கல்லவா வாடகை கட்டியிருந்தேன்.

முதல் பத்து நிமிடத்தைப் பற்றி என்ன சொல்ல?
நாற்பத்தாறு வயது, வீட்டுக் கடன், இடது முழங்கால்
ஒவ்வொன்றாய்க் கரையிலேயே நின்றுவிட்டன.
ஒருமுறை பலகையோடு எழும்பினேன்.
கீழே பச்சைத் தண்ணீரில்
என் நிழல் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது,
என்னைத் தேடவே இல்லை.

பிறகு ஒரு சத்தம்,
சோற்றுப்பானை மூடி விழுந்த மாதிரி.
பட்டம் மடிந்து கடலில் படுத்தது.
நான்கு கயிறும் என் முழங்காலைச் சுற்றின.
பலகை எங்கோ போயிற்று.
மல்லாந்து மிதந்தேன்.
கரை ஒரு கோடு. கோட்டின் மேல் ஒரு புள்ளி; அது ஜாவுவாக இருக்கலாம்.
விசிலை ஊதினேன். காற்று அதை வாங்கி
எதிர்ப்பக்கம் கொண்டுபோனது.
இவ்வளவு பச்சைக்கு அடி இருக்காது
என்று நினைத்தேன்.
மனைவிக்குத் தெரியாத ஒரு வங்கிக் கணக்கை நினைத்தேன்.
வேறு உயர்வாக எதுவும் தோன்றவில்லை.

அரைமணி ஆகியிருக்கும்.
கடலின் மேல் ஒரு பெண் நடந்துவந்தாள்.

முகமெல்லாம் மஞ்சள் மரப்பூச்சு,
தலையில் துணி, கையில் இரும்புக் கோல்,
தோளில் ஈரமாய்த் தொங்கும் மூன்று பேய்க்கணவாய்கள்.
என் தலைமாட்டில் வந்து நின்று
முறைப்படி விசாரித்தாள்:
"ம்போலா ட்சாரா?"
இன்னும் நலமா என்று பொருள்.
ஊர் முழுக்க எல்லாரும் எல்லாரையும் கேட்பது.
படகில் வரும்போது பதிலும் கற்றிருந்தேன்;
செத்துக்கொண்டே மரியாதையாகச் சொன்னேன்:
ம்போலா ட்சாரா.

அவள் என்னையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தாள்.
"மிட்சங்கானா" என்றாள்.
அந்தச் சொல் எனக்குத் தெரியாது.
கோலால் என் வயிற்றில் மெல்லத் தட்டி
இன்னொருமுறை சொன்னாள். கையை மேலே தூக்கிக் காட்டினாள்.

எழுந்து நின்றேன்.

தண்ணீர் என் இடுப்புவரை வந்தது.
ஆழமில்லாததால்தான் அந்தப் பச்சை.

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.
கயிற்றை அவிழ்த்தாள், பட்டத்தைப் பாயைப் போல் சுருட்டினாள்.
பேர் வெலுஸுவா. கூலி பத்தாயிரம் அரியாரி.
எட்டுக்குக் கேட்டுப் பார்த்தேன்;
பட்டத்தைத் தண்ணீரில் திரும்ப வைத்தாள்.
பத்துக்கே ஒப்புக்கொண்டேன்.
அவளுக்கு இனி கைகள் இல்லை என்பதால்
என் இடுப்புக் கச்சையின் கொக்கியில்,
சற்று முன் வானத்தை மாட்டியிருந்த அதே கொக்கியில்,
மூன்று பேய்க்கணவாய்களையும் மாட்டினாள்.

ஒரு மணி நேரம் நடந்தோம்.
அவள் கோல் வைத்த இடத்தில் நான் கால் வைத்தேன்.
கடைசிக் கணவாய்க்கு இன்னும் உயிர் இருந்தது;
வழியெல்லாம் தொடையைப் பிடித்துப் பிடித்து விட்டது,
நான் யாரென்று எண்ணிப் பார்ப்பதுபோல.

கரையில் அவள் ஜாவுவிடம் ஏதோ நான்கே சொல் சொன்னாள்.
அப்போது சிரித்தார்கள்,
வலை உதறிக்கொண்டிருந்தவர்கள், படகின் நிழலில் படுத்திருந்தவர்கள்,
நாயும் எழுந்து வந்தது.

இரவு தேங்காய்ப்பாலில் கணவாய்.
விலை தனி.

காலையில் எட்டு மீட்டர் பட்டத்தை விரித்துவைத்து
ஜாவு கேட்டான்: ம்போலா ட்சாரா?
உடனே பதில் சொல்லவில்லை.
தொடையில் வட்ட வட்டமாய்ச் சிவந்திருந்ததைத்
தடவிக்கொண்டு நின்றேன்.
காற்று அதற்குள் பட்டத்தின் ஒரு மூலையைத்
தூக்கிப் பார்த்துவிட்டது.