அடிப்பிடித்தல்

செவ்வாய் இரவு எட்டே முக்கால்.
பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தை ஒட்டிய அறையில்
இரு கை விரித்தாலும் விளிம்பு எட்டாத வாணலி,
மூன்று கால் அடுப்பு,
சனிக்கிழமை மாற்றிய எரிவாயு உருளை, நான்.

சுவருக்கு அந்தப் பக்கம்
கோபுரம் கட்டுகிறார்கள், ஆட்களால்.
தோளின்மேல் பாதம், அந்தப் பாதத்துக்குரியவரின்
தோளின்மேல் இன்னொரு பாதம்,
உச்சியில் எட்டு வயது நெரேயா, தலைக்கவசத்தோடு.
ஆறு வருடம் நான் அடியில் நின்றவள்.
ஜனவரியில் வலது தோளில் ஏதோ கிழிந்தது.
சுமக்காதே என்றார் டாக்டர்.
கிளறாதே என்று சொல்லவில்லை.
அதனால் சமைக்கிறேன்.

இந்தச் சோற்றையோ கிளறவே கூடாது.

முப்பத்தொரு பேர்.
பகலெல்லாம் ஆரஞ்சுத் தோட்டத்தில் ஏணி ஏறியவர்கள்,
மருத்துவமனையில் கட்டில் தள்ளியவள்,
இரண்டு ஊர் தாண்டி சைக்கிளில் வருகிறவன்.
இறால் வேண்டாம், முயல் வேண்டாம்.
வயிற்றில் கனம் கூடாது, காலில் பலம் வேண்டும்.

ஆலிவ் எண்ணெய் காய்ந்ததும் துருவிய தக்காளி.
அது சுண்டி எண்ணெயைத் திருப்பிக் கக்கட்டும்.
புகைமிளகாய்ப் பொடிக்கு
ஒரு மூச்சு நேரம்தான்,
இரண்டாவது மூச்சில் கசந்துவிடும்.
உடனே கீரை: தண்டு முதலில், இலை பிறகு.
நேற்றே ஊறிய வெள்ளை பீன்ஸ், வெந்த நீரோடு.
டர்னிப், சிறு கட்டங்களாக
(நெரேயா பொறுக்கி ஓரம் வைப்பாள்.
போடத்தான் போடுவேன்).
தண்ணீர் தளதளக்க,
உப்பு ஒரு பிடி தூக்கலாக நிற்க,
அரிசி.
குட்டை, உருண்டை.
தன்னைப்போல் மூன்று பங்கு குடித்தும்
வெடிக்க மறுக்கிற பிடிவாதம்.
ஒருமுறை பரப்பு.
பிறகு பதினெட்டு நிமிடம்
கையைக் கட்டிக்கொண்டு நில்.

எனக்கு வராத வேலை அதுதான்.

பயிற்சி நாளில் மேளம் கிடையாது,
எம்பார் எண்ணுகிற குரல் மட்டும்.
மூன்றாம் அடுக்கு ஏறும்போது
அடியில் இருப்பவருக்கு
உலகம் என்பது முன்னால் நிற்பவரின் பிடரி.
எனக்கு அது குயேலோவின் பிடரி,
இடப்பக்கம் ஒரு மச்சம்.
இப்போது அந்த மச்சத்தைப் பார்ப்பவன் சால்வா.
பத்தொன்பது வயது, ரொட்டிக்கடையில் மாவு மூட்டை தூக்குகிறான்,
என் தோள் இரண்டு சேர்ந்தது அவன் தோள் ஒன்று.
குறை சொல்ல ஒன்றும் இல்லை.
தேடிப் பார்த்துவிட்டேன்.

பதினாறாவது நிமிடம் அந்தச் சத்தம்:
ஈரத்துணி மூட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவது போல.
அப்புறம் எதுவும் இல்லை.
கரண்டியும் கையுமாகக் கதவுவரை ஓடினேன்.
மெத்தைமேல் ஒரு குவியல்,
யாருடைய கால் யாருடையது என்று தெரியவில்லை.
குவியலுக்குள்ளிருந்து நெரேயாவின் சிரிப்பு.

திரும்பி வந்தால் வாசனை மாறியிருந்தது.
அடிப்பிடித்துவிட்டது.
முகம் சுளிக்கிற ஊர்களும் இருக்கும்.
எங்கள் பக்கம் அதற்குத்தான் அடிதடி.
தீயை அணைத்து ஈரத்துண்டால் மூடினேன்.
காந்தல் சமைத்தவருக்கு:
மார்ச் மாதம் நானே போட்ட சட்டம்,
இதுவரை யாரும் மீறவில்லை.

வந்தார்கள், வியர்வையும் பசியுமாக,
ஆளுக்கு ஆள் பழி போட்டுக்கொண்டு.
கடைசியில் சால்வா, தட்டை நீட்டாமல்.
கழுத்தும் தோளும் சேருமிடத்தில்
சிவப்பாக ஒரு பாதம்,
ஐந்து விரலும் எண்ணலாம்.
“முட்டியை மடக்கி நிற்பாயா, நேராகவா?”
“முதலில் சாப்பிடு.”

கிர்ர்ரென்று சுரண்டினேன்.
பழுப்பாக, முறுகலாக, ஒரே தகடாக எழும்பி வந்தது.
அடி பிடித்து நின்றவனுக்குத்தானே
அடிப்பிடித்தது சேர வேண்டும்?
நியாயம்தான்.
பாதி கொடுத்தேன்.
பாதிதான்.

அந்த மேசையில் நெரேயா
சோற்றை வழித்துத் தின்றுவிட்டு
டர்னிப் துண்டுகளைத் தட்டோரம் அடுக்கியிருந்தாள்.
அடியில் ஐந்து, அதன்மேல் மூன்று,
அப்புறம் ஒன்று, ஒன்று.
மேசையை யாரோ இடித்தார்கள்.
நின்றது.