ஒட்டு

வாசலில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்கள்.
மூட்டுவலி மாத்திரையை விட்டுவிட்டார்கள்.
மணிக்கட்டில் ஒரு காகிதப் பட்டை,
பிரசவ வார்டில் குழந்தைக்குக் கட்டுவதைப் போல.
நந்தனம் மைதானத்தில் நேற்றைய மழை இன்னும் காயவில்லை.
ஒவ்வொரு செருப்போடும் கொஞ்சம் சேறு
டிக்கெட் இல்லாமல் உள்ளே வந்தது.

'அவுட்டர்' என்று பெயர் வைத்தவர்கள் பெரம்பூர்க்காரர்கள்.
பேசின் பிரிட்ஜ் தாண்டி,
சென்ட்ரல் எட்டிப் பார்க்கிற தூரத்தில்,
சிக்னல் விழாமல் நிற்குமே ரயில்,
பெட்டியை இறக்கிக் கதவோரம் வைத்துக்கொண்டு
யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நிற்போமே,
அந்த இருபது நிமிடத்தை
முப்பத்தாறு வருடம் வாசித்தார்கள்.

நான் ரசிகனாகப் போனவன் இல்லை.
ஃப்யூஸ் போடப் போனவன்.
எண்பத்தொன்பது ஆகஸ்ட், ரயில்வே இன்ஸ்டிட்யூட்,
பாதிப் பாட்டில் கரண்ட் போய்விட்டதென்று
ஆபீசுக்கு ஆள் ஓடிவந்தான்.
நானும் ஏணியும் ஒரே சைக்கிளில் போனோம்.
இருட்டில் இஸ்மாயில் மட்டும் நிறுத்தவில்லை.
கிதார்கள் செத்துக் கிடக்க
டிரம்ஸ் தனியாக நடந்துகொண்டிருந்தது.
கட்டையைச் செருகினேன்.
அதற்குப் பிறகு வந்ததை
இருநூற்று முப்பது வோல்ட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
வேறு கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

வருடக் கடைசியில் கேசட் வந்தது.
மூன்றாம் நாளே பிளேயர் அதைத் தின்றது,
சரியாக 'கொடுங்கையூர்ப் புகை' ஓடும்போது.
மேகலாவுக்கும் எனக்கும் கல்யாணமாகி ஒரு மாதம்.
கசங்கிய துண்டை பிளேடால் நறுக்கி எறிந்துவிட்டு
இரண்டு முனையையும் நகப்பூச்சால் ஒட்டினாள்.
பழுப்பு நாடாவில் சிவப்பாக ஒரு பொட்டு.
நான்கு நொடி போயிற்று.

அன்றிலிருந்து எங்கே அவர்கள் வாசித்தாலும்
அந்த இடத்தில் நான் தடுக்கி விழுவேன்.
ஊரே மூச்சு வாங்க, நான் அடுத்த அடிக்குப் போயிருப்பேன்.
"அங்கிள், ஏன் அவசரம்?" என்றான் லயோலாவில் ஒரு பையன்.
அவசரம் இல்லை தம்பி,
என் பாட்டு அவ்வளவுதான்.

இன்று கடைசி.
நெவில் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் மாட்டியிருந்தான்,
காலடிப் பெடலைப் பார்க்க.
அருள்தாஸ் மேல்ஸ்தாயி வரும்போதெல்லாம்
மைக்கை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார்.
இஸ்மாயில் போய் மூன்று வருடம்.
கூலிக்கு வந்த பையன் நன்றாகத்தான் அடித்தான்.
அதுதான் தாங்க முடியவில்லை.

மேகலா இதுவரை வந்ததில்லை.
இன்று வந்தாள், இரண்டு காதிலும் பஞ்சோடு.
"உனக்குத் துணைக்கு" என்றாள்,
ஸ்கேன் எடுக்க வருகிற மாதிரி.

"கடைசி டிரெயின் பதினொண்ணு நாப்பது,
அழுது முடிச்சிட்டு ஓடுங்க" என்றார் அருள்தாஸ்.
அப்புறம் அந்தப் பாட்டு.

இன்று தடுக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.
ஒட்டு வந்தது. வாயை மூடினேன்.
எத்தனை கச்சேரியில் நான் கத்தி மூடிய இடம்,
அதில் என்னதான் இருக்கிறது என்று
காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

ஒன்றுமில்லை.
நெவில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான்.
அருள்தாஸ் மூச்சு இழுத்தார், கொஞ்சம் இருமலோடு.
அவ்வளவுதான்.

ஆனால் பக்கத்தில் ஒரு குரல்.
பஞ்சு வைத்த காது, மைதானம் கேட்காத காது,
கண்ணை மூடிக்கொண்டு
அடுத்த அடிக்குப் போயிருந்தது.
குக்கர் விசிலுக்கு நடுவே,
துணி பிழிகிற சத்தத்துக்கு நடுவே,
"அந்தச் சனியனை நிறுத்து" என்ற வருடங்களிலெல்லாம்
அவளுக்குள் ஓடியிருக்கிறது,
அவளே வெட்டி
அவளே ஒட்டிய பாட்டு.

நான் சேரவில்லை.
பன்னிரண்டாயிரம் பேருக்கு முன்னால்
அவள் மட்டும் பாடி முடித்தாள்,
ஒரு பஞ்சை எடுத்தாள், என்னைப் பார்த்தாள்.
"முடிஞ்சுதா?"

"இன்னும் இல்லை" என்றேன்.