கிக்கர் பல்

பகலில் பல் செய்கிறேன்.
மன்னார்குடியில், மருந்துக்கடைக்கு மேல் மாடி.
டாக்டர் இன்னாசி அனுப்பும் டப்பாக்களில்
யார் யாரோ கடித்த மெழுகு.
கடியைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடுவேன்,
ஆளைப் பார்த்தால் தெரியாது.

இரவில் அதே மேஜைமேல்
யமஹா டிடியின் என்ஜின்.
சட்டகம் மாடிப்படிக்கு அடியில்,
நட்டு போல்ட்டெல்லாம் கட்டிலுக்குக் கீழே,
காலி மாத்திரை டப்பாக்களில்.

எண்பத்தாறில் எண்ணெய் தேட வந்தவர்கள் கொண்டுவந்தது.
கல்லேறச் செய்த வண்டி
கல்லே இல்லாத மண்ணில் வந்து இறங்கியது.
வரப்பில் ஓடியிருக்கிறது.
பூமிக்குள் வெடி வைத்துவிட்டுக்
காது கொடுத்துக் கேட்டவர்களைச் சுமந்திருக்கிறது.
அவர்களுக்கு என்ன கேட்டதோ,
எட்டு மாதச் சாப்பாட்டுப் பாக்கிக்கு
மெஸ்ஸில் விட்டுப் போனார்கள்.
மெஸ்ஸிலிருந்து அரிசி ஆலை,
ஆலையில் உமிக்கொட்டகை,
கொட்டகைமேல் கஜா.
ஆறாயிரத்து ஐந்நூறு கொடுத்தேன்.
உள்ளே இருக்கிற உமிக்குக் காசு வேண்டாம் என்றார் ஆலைக்காரர்.

டேங்கைக் கவிழ்த்தால் காப்பித்தூளாய்த் துரு.
குத்துவிளக்குக்கு என்ன போடுவோமோ அதையே போட்டேன்:
அரைக்கிலோ பழம்புளி, வெந்நீர்.
குலுக்கக் கல் வேண்டும்.
இந்தப் பக்கம் கல்லுக்கு எங்கே போக?
நீடாமங்கலம் ஸ்டேஷனில், ரயிலுக்குக் காத்திருந்தபோது,
தண்டவாளத்து ஜல்லி இரண்டு பிடி
கைப்பைக்குள் போனது. திருட்டுதான்.
இரவு பதினொன்றுக்கு நான் குலுக்க
பக்கத்து வீட்டு ருக்மாங்கதன் சுவரில் தட்டினார்.
தாளம் தப்பாமல் தட்டினார்.

எல்லாம் கூடி வந்தபின் கிக்கர் வழுக்கியது.
மறுபடி பிரித்தேன்.
பல்சக்கரத்தில் மூன்று பல் இல்லை,
அடுத்தடுத்து மூன்று.
திருச்சி பாலக்கரைக்குப் போன் போட்டேன்.
"அக்கா, அந்தப் பல்லு
ஜப்பான்லயே யாரு வாய்லயும் இல்ல" என்றான் ரவூஃப்.

பட்டறையில் வெல்டிங் குவித்து வாங்கினேன்,
கிளிஞ்சல் ஒட்டியதுபோல் ஒரு மேடு.
இனி என் வேலை.
இல்லாத பல்லைச் செய்ய
பக்கத்துப் பல்லைப் பார்த்தால் போதாது,
எதிர்ப்பல்லைப் பார்க்க வேண்டும்.
கடிக்கிறதுதான் அளவு.
நீலத்தாள் வைத்துக் கடிக்கவிட்டு
நீலம் பட்ட இடத்தை மட்டும் தேய்த்தேன்,
மைக்ரோமோட்டாரில், நாலு ராத்திரி.

நடுவில் சிங்காரவேலு வந்தார், மூன்றாவது தடவை.
அவருக்கும் மூன்று. முன்பல்.
"வியாழக்கிழமை மகளுக்கு நிச்சயதார்த்தம்"
என்றார் கையால் வாயைப் பொத்திக்கொண்டு.
"புதன்" என்றேன்.
புதன்வரைக்கும் என்ஜின்
சேலைத்துணி போர்த்திக் கிடந்தது.

பாமணியில் நாளைக்குத் தண்ணீர் என்று
லஸ்கர் சொல்லிப் போனார்.
எங்கள் ஊரில் மேடுபள்ளம் என்று இருப்பது
வறண்ட ஆறு ஒன்றுதான்.
விடியும்முன் மணலில் இறக்கினேன்.
பதினாலாவது உதையில்
நாணல் அடங்கலும் நீலப் புகை, ஒரு கொக்கு,
என் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை.

கிரிக்கெட் ஸ்டம்புகளைச் சுற்றி, கருவேல முள்ளை ஒதுக்கி,
பின்சக்கரம் வாலாட்ட வாலாட்ட
மூன்றாவது படித்துறை தாண்டினேன்.
அங்கே தட்டில் பூ வைத்துக்கொண்டு
ஆற்றுக்குக் காத்திருந்தார்கள்.
வந்தது நான்.

வளைவில் என்ஜின் அணைந்தது.
திரும்பிப் பார்த்தால்
தண்ணீர்.
நுரை, சருகு, ஒற்றைச் செருப்பு,
எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு
நடக்கிற வேகத்தில்,
குழி வந்தால் நின்று நிரப்பிவிட்டு.
கரையிலிருந்து யாரோ கத்தினார்கள்.
பின்சக்கரம் நனைந்தது.

கிக்கரை மெல்ல இறக்கினேன்.
உள்ளே மூன்று பல்லும் போய்க் கடிப்பது
பாதத்தில் தெரிந்தது.
இன்னும் உதைக்கவில்லை.
கணுக்கால் ஏறட்டும்.