பதினாறு ஆம்பியர்

சல்மாபாத் கேம்ப், பதினாலாம் அறை.
விடியுமுன் நாலேகாலுக்கு பிரேக்கர் விழும்.
நேற்றும். முந்தாநாளும்.
சோறு அரைவேக்காட்டில் நிற்கும்.
பன்னிரண்டு பேர் இருட்டில்
அடுத்தவன் செருப்பில் கால் நுழைப்பார்கள்.

பிலிப்போஸ் வந்து டார்ச் அடித்தார்.
கட்டிலடியில் தெர்மோகோல் பெட்டி.
பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பு,
அதன் கீழே பழைய பனியன்மேல்
பதினோரு காடை முட்டை.
ஹமலா தோட்டத்தில் யாரோ கொடுத்ததாம்.
சாரம் கட்டுகிற பூவலிங்கம்
எழுந்து பெட்டியை மறைத்து நின்றான்,
திருடியவனைப் போல. இல்லை,
திருட்டுக் கொடுக்கப் போகிறவனைப் போல.

"இருபது தினார் பிடித்தம்" என்றார் பிலிப்போஸ்.
"முதலில் கணக்கு" என்றேன்.

கணக்கா? என் மீட்டரைப் பிடுங்கி
பல்பைக் கழற்றி அவரே அளந்தார்.
அறுபத்தாறு ஓம்.
இருநூற்று முப்பதை அதால் வகுத்தால்
மூன்றரை ஆம்பியர்.
"எண்ணூறு வாட்டு! கண்ணாடியில்
அறுபதுன்னு எழுதி ஏமாத்தறான்."

வகுத்தது சரி.
அளந்த நேரம் தப்பு.
அணைந்து ஆறிய இழை எதையும் எதிர்க்காது,
வருகிற எல்லாவற்றுக்கும் வழிவிடும்.
சிவந்து, வெளுத்து, வெந்த பிறகுதான்
அதன் எதிர்ப்பு எழுந்து நிற்கும்.
எரியவிட்டு, ஒற்றைக் கம்பியைக் கவ்விப் பிடித்தேன்.
புள்ளி இருபத்தாறு.
எண்ணூற்று எண்பத்தைந்து ஓம்.
பெருக்கினால் அறுபது வாட்,
கண்ணாடியில் எழுதியிருந்தபடியே.

ஒற்றைக் கம்பி என்பது முக்கியம்.
போகிறதையும் திரும்புகிறதையும்
சேர்த்துக் கவ்வினால் மீட்டர் பூஜ்யம் காட்டும்.
இந்த அறையில் யார் பாஸ்புக்கைப் பார்த்தாலும் அதே எண்தான்,
நடுவில் இத்தனை ஓடியும்.

மறுநாள் மூன்றரைக்கே போர்டைத் திறந்து உட்கார்ந்தேன்.
ஜனவரிக் குளிர்.
மரியசூசை குக்கரைப் போட்டார்: மூன்று.
கெட்டில்: எட்டு.
காடைகளின் கால்.
ஆக பதினொன்றேகால். பதினாறு தாங்குகிற பிரேக்கர்
இதற்கெல்லாம் அசையாது.

பிறகு எண் தாவியது.
அறையில் யாரும் எதையும் தொடவில்லை,
இருபத்து நாலேகால்.
எங்கிருந்தோ பதிமூன்று ஆம்பியர்.
வகுத்தேன்: பதினேழே முக்கால் ஓம்.
பெருக்கினேன்: மூவாயிரம் வாட்டுக்குப் பத்துதான் குறைவு.
காடை முட்டைக்கு இவ்வளவு வேண்டாம்.
நெருப்புக்கோழி முட்டைக்கும் வேண்டாம்.

கம்பி போன வழியே போனேன்.
சீலிங்குக்கு மேலே ஏறி, தாழ்வாரம் தாண்டி,
ஆபீசுக்குப் பின்னால் ஒரு குளியலறையில் இறங்கியது.
கதவிடுக்கில் கீசரின் சிவப்புப் பொட்டு.
நீர் விழும் சத்தம், நடுவே பிலிப்போஸின் குரல்,
மலையாளத்தில் ஏதோ மாதா கீர்த்தனை.
தூரத்தில் டப் என்றது.
சிவப்பு அணைந்தது. கீர்த்தனை
ஒரு கெட்ட வார்த்தையில் முடிந்தது.

இத்தனை நாள் அவர் தலையிலும்
பச்சைத் தண்ணீர்தான் விழுந்திருக்கிறது.
அந்தக் கோபத்தில்தான் டார்ச்சோடு வந்திருக்கிறார்.

கதவைத் தட்டவில்லை.
பழுதுப் பதிவேட்டில் எழுதினேன்:
வோல்ட் 230, ஆம்பியர் 13, ஓம் 17.7, வாட் 2990.
பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டேன்.
அவருக்குத்தான் வகுக்கத் தெரியுமே.

அறைக்குத் திரும்பினால்
பூவலிங்கம் பெட்டியை வயிற்றோடு அணைத்து
கம்பளியால் மூடிப் படுத்திருந்தான்.
"தெறக்காதே, சூடு போயிடும்."
தூங்குகிற மனிதன் எண்பது வாட் வெப்பம் விடுவானாம்,
எங்கோ படித்தது.
எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று
அதில் போடவில்லை.
பதினொன்றில் இரண்டு கூமுட்டை என்று அவனுக்கே தெரியும்.
எடுத்துப் போட மனம் வரவில்லை போலும்.

பிரேக்கரைத் தூக்கிவிட்டேன்.
கம்பளியின் நெசவு வழியே
அவன் வயிறு எரிந்தது, மஞ்சளாக.
ஓர் எலக்ட்ரீஷியனாக
நான் இதை அனுமதித்திருக்கக் கூடாது.