மூன்று புள்ளி ஒன்பது

புந்தா அரேனாஸில் இன்று விமானம் ஏறவில்லை.
தெருமுனைகளில் கயிறு கட்டிவிட்டார்கள்,
காற்று தள்ளினால் பிடித்துக்கொள்ள.
சாந்தியாகோ போகவேண்டிய குழந்தை
எங்களிடமே தங்கிவிட்டது.

மைத்தே ஓயார்சோ. ஏழு வாரம்.
தாடை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சரிவு.
நாக்கு பின்னால் விழுந்து வாசலை அடைக்கும்.
அடிவயிற்றில் சிக்கிய குடலுக்கோ
வானிலை அறிக்கை படிக்கத் தெரியாது.

எட்டு நாள் முன்பு படம் எடுத்தவன் நான்.
தூக்க மருந்து கூடாது என்றார்கள்.
நீளக் காம்புப் புட்டியில் பால் கொடுத்து,
துணியில் இறுகச் சுற்றித் தந்தாள் தாய்.
வளையத்துக்குள் நழுவிய நான்கு நொடியும்
அவள் தூங்கினாள்.
நான் மூச்சடக்கி நின்றேன்.

படத்தில் எலும்பு வெள்ளை, சதை சாம்பல்,
காற்று கறுப்பு.
"உள்ளே இவ்வளவு இருட்டா?" என்றாள் தாய்.
இருட்டு இருந்தால்தான் நல்லது, அம்மா.

குரல்நாணுக்குக் கீழே
மூன்று புள்ளி ஒன்பது மில்லிமீட்டர்.
மறுபடி அள, என்றார் மருத்துவர் மிர்த்தா யுத்ரோனிச்.
மூன்று புள்ளி ஒன்பது.
தட்டில் இருந்த மூன்றாம் எண் குழாயை
எடுத்து அப்பால் வைத்தார்.
குழாயில் அச்சடித்திருப்பது உள்விட்டம்.
தொண்டையில் உரசுவது வெளிவிட்டம்.

இரவு இரண்டு மணிவரை
அந்தச் சிறு தலையைத் திரையில் சுழற்றினோம்.
இடது மூக்கில் நூலளவு இடம் கூட.
மூச்சை நிறுத்தாமல், அவள் விட விட
கூடவே இறங்கவேண்டும்.
தவறினால் கழுத்தில் எங்கே கத்தி என்று
தோலில் ஒரு நீலப் புள்ளி.

காலையில் நான் கதவுக்கு வெளியே.
நண்டுப் படகு ஓட்டும் தகப்பன்
தொப்பியைப் பிழிந்துகொண்டிருந்தான், ஈரமே இல்லாத தொப்பியை.
உள்ளே கருவியின் சுருதி இறங்கியது.
இன்னும் இறங்கியது.
நான் அளந்தது தூங்கிய தொண்டையை.
எட்டு நாளில் ஒரு சளி போதும், அது வேறு தொண்டை.

சுருதி ஏறியது.

யுத்ரோனிச் முகமூடியை இறக்கினார்.
"உன் படத்தில் வழி இருந்தது.
உள்ளே நுரைதான் இருந்தது.
ஒரு குமிழி வெடித்தது. அங்கே போனேன்."
அளவு?
"அளவு சரி."
கை கழுவப் போய்விட்டார்.

கயிற்றைப் பிடித்தபடி வீட்டுக்கு நடந்தேன்.
வாயைத் திறந்தால் கொத்தாகத் திணிக்கிறது காற்று.
யார் கேட்டார்
இவ்வளவை.